மாமா கடைக்கு ஒரு பில்லிங் மென்பொருள்: கியூட்டியோடு நான்கு மாதம்

தராசில் 0.735 என்று நிற்கிறது. கணினித் திரையில் 35 என்று விழுகிறது. துவரம் பருப்பு, 35 கிலோ. மாமா கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்ளே, முக்கால் கிலோ பருப்பு வாங்க வந்தவங்ககிட்ட முப்பத்தஞ்சு கிலோவுக்கு பில்லு நீட்டுனா நாளைக்கு யாரு கடைக்கு வருவா?" என்றார். கல்லாவுக்கு முன்னால் நான்கு பேர் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். மென்பொருளை மூடிவிட்டு அன்றைக்கு முழுக்கப் பழையபடி துண்டுச் சீட்டில்தான் கணக்குப் போட்டோம்.

இது நடந்தது மென்பொருளைக் கடையில் வைத்த முதல் நாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து சரி செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். யாராவது கியூட்டி (Qt) என்ற மென்பொருள் எழுதும் கருவித்தொகுப்பில் தமிழ் பில் அடிக்கும் வேலையில் இறங்கினால் என்னைப்போல் வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கக் கூடாது, அதற்காகத்தான்.

கடை விருதுநகர் பக்கம் இருக்கிறது. மளிகை, கூடவே கொஞ்சம் காய்கறி. மாமா கேட்டது மூன்றே விஷயம்: பில் தமிழில் வர வேண்டும், தராசில் வைத்த எடை தானாக பில்லில் ஏற வேண்டும், இருக்கிற கணினியிலேயே ஓட வேண்டும். இருக்கிற கணினி என்பது விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். நான் வேலை செய்வது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில். ஆக ஒரே நிரல் இரண்டு பக்கமும் ஓட வேண்டும், நினைவகத்தையும் அதிகம் தின்னக் கூடாது. உலாவியையே உள்ளே கட்டிக்கொண்டு வரும் வகையறா அந்தக் கணினியில் திறக்கவே அரை நிமிடம் எடுத்தது, அதனால் அதை விட்டுவிட்டேன். சி++ நிரல்மொழி எனக்குப் பழக்கம் என்பதால் அதில் எழுதும் கியூட்டி என்று முடிவு செய்தேன். (உருவாக்கியவர்கள் இதைக் 'கியூட்' என்றுதான் சொல்கிறார்கள், நம் ஊரில் எல்லோரும் கியூட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.) நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் இருந்த டிரால்டெக் நிறுவனம் 1995-இல் முதலில் வெளியிட்டது. இத்தனை வருடம் புழங்கிய கருவி என்பதால் சீரியல் போர்ட் (தராசு போன்ற கருவிகள் கணினியோடு பேசும் வழி), தரவுத்தளம், எழுத்துரு எல்லாவற்றுக்கும் உள்ளேயே ஏதாவது ஒரு வகுப்பு, அதாவது தயாராக எழுதிவைத்த நிரல் தொகுதி, இருக்கும்.

முதல் தடங்கல் பதிப்பிலேயே வந்தது. 2020 டிசம்பரில் வந்த கியூட்டி 6 விண்டோஸ் 7-இல் ஓடாது. விண்டோஸ் 10-இலிருந்துதான். அதனால் 5.15-க்குத் திரும்பினேன். இந்த ஒரு முடிவு பின்னால் இன்னொரு இடத்தில் என்னை மாட்டிவிட்டது, அதை அப்புறம் சொல்கிறேன்.

சரி, தராசு. வீட்டில் என்னிடம் தராசு கிடையாது. உபுண்டுவில் இரண்டு போலி சீரியல் போர்ட்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒரு பக்கம் நானே "0.735kg" என்று வரி வரியாக எழுதி, மறு பக்கம் மென்பொருள் படிக்கிறதா என்று பார்த்தேன். அருமையாகப் படித்தது. முழு வரி முழு வரியாகவே வந்ததால் 'தரவு வந்திருக்கிறது' என்ற சிக்னல் ஒவ்வொரு முறை வரும்போதும் கையில் கிடைத்ததை அப்படியே எண்ணாக மாற்றிவிட்டேன். நிஜத் தராசு 9600 பாட் வேகத்தில் பைட் பைட்டாக அனுப்புகிறது. சிக்னல் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வரும். முதலில் "0.7" வரும், அடுத்த தடவை "35kg" வரும். நான் இரண்டாவது துண்டை எண்ணாக்கி 35 என்று போட்டேன்.

மாற்று எளிதுதான் என்று நினைத்தேன். முழு வரி வந்துவிட்டதா என்று கேட்கும் 'கேன்ரீட்லைன்' என்ற செயல்கூறு இருக்கிறது, அது ஆம் என்றால் மட்டும் படி என்று மாற்றினேன். அடுத்த ஞாயிறு கடையில் போட்டுப் பார்த்தால் எடையே வரவில்லை. திரை காலியாகவே இருக்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டினேன், பாட் வேகத்தை மாற்றிப் பார்த்தேன், வேறு யுஎஸ்பி துளையில் செருகினேன். இரண்டு மணி நேரம் போன பிறகுதான் ஊகிப்பதை நிறுத்திவிட்டு, வருகிற பைட்டுகளை எண்களாகவே ஒரு கோப்பில் எழுத வைத்தேன். இப்படி வந்தது:

32 32 48 46 55 51 53 107 103 13

இரண்டு இடைவெளி, 0, புள்ளி, 7, 3, 5, கே, ஜி, கடைசியில் 13, அதாவது வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு என்ற குறி. கேன்ரீட்லைன் எதிர்பார்ப்பது 10-ஐ, அதாவது புதிய வரிக் குறியை. இந்தத் தராசு 13 மட்டும்தான் அனுப்புகிறது, 10 வரவே வராது. அதனால் செயல்கூறு கடைசிவரை 'இன்னும் வரி முடியவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நான் வீட்டில் போலிப் போர்ட்டில் எழுதியபோது ஒவ்வொரு வரிக்குப் பின்னும் 10 தானாகச் சேர்ந்திருக்கிறது. பிறகு நானே ஒரு பைட் தொகுப்பு வைத்துக்கொண்டேன். வருவதையெல்லாம் அதில் சேர்ப்பது, 13 கண்ணில் பட்டால் அதுவரை உள்ளதை வெட்டி எடுப்பது, மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைப்பது. 10 வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம், அப்போது இரண்டு வகைத் தராசுக்கும் ஒத்துவரும். தட்டில் பொருள் ஆடிக்கொண்டிருக்கும்போது எண் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரே எடை தொடர்ந்து ஐந்து தடவை வந்தால்தான் ஏற்றுக்கொள்வது என்றும் வைத்தேன்.

எந்த யுஎஸ்பி துளையில் செருகுகிறோமோ அதற்கேற்ப விண்டோஸ் போர்ட் எண்ணை மாற்றிவிடும். காம்3 என்று எழுதிவைத்தால் நாளைக்கு காம்5 ஆகிவிடும். கியூட்டியில் செருகியிருக்கிற போர்ட்களின் விவரத்தைத் தரும் வகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் கிடைக்கும். தராசுக்கும் யுஎஸ்பிக்கும் நடுவில் இருக்கிற சிஎச்340 என்ற மாற்றிச் சில்லுக்கு அவை 6790, 29987. அந்த இரண்டும் ஒத்துவரும் போர்ட்டைத் திற என்று எழுதிவிட்டேன். உபுண்டுவிலும் அதே நிரல் அப்படியே ஓடியது. அங்கே பயனரைச் சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள 'டயல்அவுட்' குழுவில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தராசு சரியானதும் இன்னொன்று கிளம்பியது. காலையில் முதல் பில் சரியாக வரும். இரண்டாவது பில்லில் ஒவ்வொரு பொருளும் இரண்டு தடவை ஏறும். மூன்றாவதில் மூன்று தடவை. இதைக் கண்டுபிடித்தது கடையில் வேலை செய்யும் தம்பிதான். "அண்ணே, எத்தனாவது பில்லோ அத்தனை தடவை ஏறுது" என்றான். அவன் சொன்ன அந்த நொடியே புரிந்துவிட்டது. பில் சாளரம் திறக்கும் ஒவ்வொரு முறையும் தராசின் சிக்னலை நான் மறுபடி இணைத்துக்கொண்டிருந்தேன், பழைய இணைப்பு அப்படியே இருக்கிறது. ஒரே இணைப்புதான் இருக்க வேண்டும் என்று சொல்லும் 'யூனிக் கனெக்ஷன்' என்ற வகை கியூட்டியில் உண்டு. ஆனால் இணைக்கப்படுவது லாம்டாவாக (பெயரில்லாமல் அந்த இடத்திலேயே எழுதும் செயல்கூறாக) இருந்தால் அது வேலை செய்யாது, ஒவ்வொரு லாம்டாவும் புதிது என்பதால் ஒப்பிட வழியில்லை. நான் எழுதியது எல்லாமே லாம்டா. அவற்றைப் பெயருள்ள செயல்கூறுகளாக மாற்றி, இணைப்பை மென்பொருள் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு முறை செய்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. ரூபாயைப் பதின்ம எண்ணாக வைத்திருந்தால் கூட்டலில் பைசா எங்காவது நழுவும். எடையைக் கிராமாகவும் விலையைப் பைசாவாகவும் முழு எண்ணாக வைத்துவிட்டேன். 735 கிராம், கிலோ 62 ரூபாய் என்றால் 735-ஐ 6200-ஆல் பெருக்கி, 500 கூட்டி, 1000-ஆல் வகுத்தால் 4557 பைசா. 45 ரூபாய் 57 பைசா. இதில் பிறகு தகராறே வரவில்லை.

இனி தமிழ். எனக்கு அதிக நேரம் பிடித்ததும், எழுதுவதற்கு ஆசையாக இருப்பதும் இந்தப் பகுதிதான்.

மாமாவிடம் பழைய மென்பொருளின் பொருள் பட்டியல் இருந்தது, ஏறக்குறைய 2,000 பெயர். பழைய எழுத்துரு முறையில் இருந்ததை யாரோ யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள், அதற்கு மேல் இரண்டு மூன்று பேர் செல்பேசியிலும் கணினியிலும் புதுப் பொருட்களைத் தட்டிச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கோப்பை உபுண்டுவில் படித்தபோது தமிழ் சரியாக வந்தது. விண்டோஸில் ஒரு எழுத்துகூடத் தேறவில்லை, எல்லாம் குப்பை. கியூட்டி 5-இல் உரையைப் படிக்கும் வகுப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கணினியின் குறிமுறையில் (எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் முறையில்) படிக்கும். உபுண்டுவில் அது யுடிஎஃப்-8, விண்டோஸில் வேறு. 6-இல் இது யுடிஎஃப்-8 என்றே மாறிவிட்டது. நான் பதிப்பைக் குறைத்ததால் வந்த வினை என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். குறிமுறை யுடிஎஃப்-8 என்று ஒரு வரி எழுதியதும் தீர்ந்தது. 2,000 பெயரையும் ஒவ்வொன்றாகத் தரவுத்தளத்தில் சேர்க்கையில் நிமிடக்கணக்கில் இழுத்தது, எல்லாவற்றையும் மொத்தமாக எழுதும் ஒரே பரிவர்த்தனைக்குள் போட்டதும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

பட்டியல் ஏறியாயிற்று. மாமா தேடும் பெட்டியில் 'கோதுமை' என்று தட்டினார். ஒன்றும் இல்லை. பட்டியலை உருட்டினால் 'கோதுமை மாவு' கண் முன்னால் இருக்கிறது. பெட்டியில் இருப்பதும் பட்டியலில் இருப்பதும் அச்சு அசலாக ஒன்றுபோல. மறுபடியும் பைட்டைப் பார்க்கும் வேலைதான், இந்தத் தடவை எழுத்துகளின் யூனிகோடு எண்ணை. மாமா தட்டியதில் 'கோ' என்பது 2965, 3019 என்று இரண்டு எண். பட்டியலில் இருந்த 'கோ' 2965, 3015, 3006 என்று மூன்று. அதாவது ஒன்றில் ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கிறது, இன்னொன்றில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கின்றன. பழைய எழுத்துரு முறையில் கொம்பை முன்னால் தட்டி, எழுத்தைத் தட்டி, அப்புறம் காலைத் தட்டுவோம் இல்லையா, அதை மாற்றியவர்கள் கொம்பை மட்டும் பின்னால் நகர்த்திவிட்டு இரண்டையும் ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். திரையில் வரையும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கு 'கோதுமை' ஒன்று 6 நீளம், இன்னொன்று 7.

யூனிகோடு விதிப்படி இவை இரண்டும் சமம், சமப்படுத்துவதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். கியூட்டியின் உரை வகுப்பில் 'நார்மலைஸ்ட்' என்ற செயல்கூறு, அதில் சி வடிவம் என்று கேட்டால் உடைந்து கிடக்கும் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். பட்டியல் உள்ளே வரும் இடத்தில் ஒரு முறை, தேடும் பெட்டியில் ஒரு முறை. உடனே கோதுமை, கோலப்பொடி, சோம்பு, கொண்டைக்கடலை எல்லாம் கிடைத்தன. அன்றைக்கு மாமா பட்டியலில் உள்ள ஓகாரப் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிச் சோதித்தார், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்படியும் சில பெயர்கள் சிக்கவில்லை. செல்பேசியில் தட்டிய சில பெயர்களின் வாலில் 8204 என்ற எண் ஒட்டிக்கொண்டிருந்தது. அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத எழுத்து அது. அதையும் உறவுக்கார எண்களையும் வடிகட்டினேன். கடைசியாகச் சிக்காமல் நின்றது சௌசௌ. பட்டியலில் 'செளசெள' என்று கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு ஔகாரம் மாதிரியே இருக்கும், ஆனால் யூனிகோடு இதைச் சமம் என்று ஏற்காது, ஏற்கவும் முடியாது, ஏனென்றால் 'வெள்ளம்' என்பதில் வருவது நிஜமான கொம்பும் நிஜமான ளகரமும். இதற்கு நான் செய்தது வேறு. காட்டும் பெயரைத் தொடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் தேடுவதற்கென்று தனியாக ஒரு சாவி உண்டாக்கி, அந்தச் சாவியில் மட்டும் ஔகாரக் குறியைக் கொம்பும் ளகரமுமாக உடைத்துவிட்டேன். தட்டுகிற சொல்லையும் அதே மாதிரி உடைத்துவிட்டுத் தேடினால் யார் எப்படித் தட்டியிருந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

வரிசையும் குழப்பமாக இருந்தது. பட்டியல் பட்டாணி, பனங்கற்கண்டு, பயறு, பருப்பு என்று நிற்கிறது. நாம் படித்த அகர வரிசையில் னகரம் பதினெட்டு மெய்யில் கடைசி, அதனால் பனங்கற்கண்டு பருப்புக்குப் பின்னால்தான் வர வேண்டும். தரவுத்தளம் யூனிகோடு எண் வரிசையில் அடுக்குகிறது, அங்கே நகரத்துக்குப் பக்கத்திலேயே னகரம், ரகரத்துக்குப் பக்கத்தில் றகரம், வகரத்துக்கு முன்னால் ளகரமும் ழகரமும். புள்ளியும் கடைசியில் இருப்பதால் பச்சரிசிக்கு முன்னால் பசலைக்கீரை வந்துவிடுகிறது. மாமா பெயரை வரிசைப்படி கண்ணால் தேடுகிறவர், தட்டித் தேடுவதை விட அது அவருக்கு வேகம். அதனால் இதை விட மனம் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் மெய் வரிசை எண், உயிர் வரிசை எண் என்று இரண்டாகப் பிரித்தேன். புள்ளி இருந்தால் உயிர் எண் 0, ஒன்றும் இல்லாவிட்டால் அகரம் என்று 1, காலுக்கு 2, இப்படி ஔகாரம் வரை 12. கிரந்த எழுத்துகள் னகரத்துக்குப் பின்னால். இந்த எண்களைக் கோத்து இன்னொரு பத்தியில் வைத்து அதன்படி அடுக்கச் சொன்னால் க் முதலில், பிறகு க, கா, கி என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருப்பது போலவே வருகிறது.

அப்புறம் அச்சு. பில் அடிக்கும் சிறிய தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தை அனுப்பினால் கேள்விக்குறியோ வேறு ஏதோ குறியோ அடிக்கும். படமாக அனுப்புவதுதான் வழி. 80 மி.மீ. காகிதத்தில் அடிக்கக்கூடிய அகலம் 72 மி.மீ., ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக ஒரு வரிக்கு 576 புள்ளி. கியூட்டியில் அந்த அகலத்தில் ஒரு படத்தை உண்டாக்கி அதன்மேல் தமிழை எழுதினால், கொம்பு எங்கே போக வேண்டும், சுழி எப்படி ஒட்ட வேண்டும் என்பதையெல்லாம் உள்ளே இருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைக்கும் நிரல் பார்த்துக்கொள்கிறது. அந்தப் படத்தை ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று சுருக்கி, முன்னால் 29, 118, 48, 0 என்ற நான்கு பைட்டும், அகலத்துக்கு இரண்டும் உயரத்துக்கு இரண்டும் சேர்த்து அனுப்ப வேண்டும். பெரும்பாலான பில் பிரிண்டர்கள் ஏற்கும் ஈஎஸ்சி/பிஓஎஸ் கட்டளை இது.

முதல் பில் காகிதம் முழுக்கக் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வந்தது. பிரிண்டருக்கு 1 என்றால் புள்ளி வை என்று அர்த்தம், என் படத்தில் 1 வெள்ளையாக இருந்தது. ஒரு பிட் படத்தின் நிற அட்டவணையில் எது கறுப்பு என்று பார்த்து, தேவைப்பட்டால் பிட்டுகளைத் தலைகீழாக்கும்படி செய்தேன்.

இரண்டாவது பில்லில் எழுத்து வந்தது. ஆனால் எழுத்தைச் சுற்றி மணல் தூவினாற்போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். தமிழில் இது வெறும் அழுக்கு என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் நமக்குப் புள்ளி என்பதே எழுத்தின் பாகம். 'உப்பு' என்பதில் மெய்யின் மேல் இருப்பது புள்ளியா தூசியா என்று தெரியவில்லை. காரணம், எழுத்தின் ஓரத்தை மழுமழுப்பாக்க கியூட்டி சாம்பல் நிறம் பூசுகிறது. ஒரு பிட்டாக மாற்றும்போது அந்தச் சாம்பலைக் காட்டுவதற்காகக் கறுப்புப் புள்ளிகளைத் தெளிக்கிறது. மாற்றும்போது தெளிக்காதே, பாதிக்கு மேல் கறுப்பு என்றால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை என்ற முறையைக் கேட்டு வாங்க வேண்டும், எழுத்துருவிலும் ஓரம் மழுக்கும் வேலையை நிறுத்த வேண்டும். இரண்டும் செய்ததும் எழுத்து கத்தியால் வெட்டியது போல் நின்றது. புள்ளி புள்ளியாகவே தெரிந்தது.

மூன்றாவது சிக்கலில்தான் ஒரு வாரம் போனது. இரண்டு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டால் நன்றாக இருக்குமே என்று படத்தின் அகலத்தை 576-இலிருந்து 560 ஆக்கினேன். மாற்றியது அந்த ஒரு எண்தான். பில் முழுக்க ஒரு எழுத்துகூட இல்லை, காற்றடிக்கும்போது பெய்கிற சாரல் மாதிரி சாய்கோடுகள், முடிவில் ஏதோ பிதற்றல் குறிகள். 576-க்குத் திரும்பினால் சரியாகிவிடுகிறது. 560-இல் மறுபடி சாரல்.

காகிதத்தை மேசையில் விரித்து அளவுகோல் வைத்து அளந்தேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே கோடு வலது பக்கம் நகர்வது சரியாக 2 மி.மீ., அதாவது 16 புள்ளி, 2 பைட். 560 புள்ளி என்றால் 70 பைட். கியூட்டி தன் படத்தின் ஒவ்வொரு வரியையும் 4-ஆல் வகுபடும் பைட் எண்ணிக்கையில் வைக்கும், 70 வகுபடாது என்பதால் 2 பைட் வெற்றாகச் சேர்த்து 72 ஆக்கி வைத்திருக்கிறது. நான் படத்தின் நினைவகத்தை அப்படியே மொத்தமாக அனுப்பிவிட்டு, பிரிண்டரிடம் மட்டும் வரிக்கு 70 என்று சொன்னேன். வரிக்கு வரி இரண்டு பைட் தள்ளிப்போகிறது, கடைசியில் மிஞ்சுவதைப் பிரிண்டர் எழுத்தென்று நினைத்து அடிக்கிறது. 576-இல் 72 தானாகவே பொருந்திவிட்டதால் இவ்வளவு நாள் தெரியாமல் ஒளிந்திருந்தது. இப்போது ஒவ்வொரு வரியாக எடுத்து அதில் முதல் 70 பைட்டை மட்டும் அனுப்புகிறேன்.

நீளமான பில் பாதியில் நின்றுபோவதும் இருந்தது, கல்யாண வீட்டு மளிகை என்றால் 40 பொருள் வரும். படம் 95,000 பைட்டைத் தாண்டிவிடும், சின்னப் பிரிண்டரின் நினைவகம் தாங்கவில்லை. 128 வரிக்கு ஒரு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை வைத்து அனுப்பினேன், ஒட்டு தெரியாமல் அடிக்கிறது. அனுப்பும் இடம் மட்டும் இரண்டு இயங்குதளத்துக்கும் வேறு. உபுண்டுவில் பிரிண்டர் ஒரு கோப்பு மாதிரி, திறந்து எழுதினால் போதும். விண்டோஸில் அச்சு வரிசைக்கு 'ரா' வகை (எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பு) என்று சொல்லி அனுப்ப வேண்டும், அதற்கு விண்டோஸின் சொந்தச் செயல்கூறுகளைத்தான் அழைக்கிறேன். ஏறக்குறைய நாற்பது வரி, மொத்த மென்பொருளிலும் இரண்டு விதமாக எழுதியது இது ஒன்றுதான்.

எழுத்தின் அளவு வீட்டில் ஒரு மாதிரி, கடையில் ஒரு மாதிரி வந்தது. பாயிண்ட் கணக்கில் அளவு சொன்னால் கியூட்டி அதைத் திரையின் அடர்த்தியை வைத்துப் புள்ளியாக மாற்றும், திரைக்குத் திரை அது மாறும். 24 புள்ளி உயரம் என்று நேரடியாகச் சொல்லிவிட்டேன், எங்கே அடித்தாலும் 3 மி.மீ. எழுத்துருவும் விண்டோஸ் 7-இல் லதா, என் கணினியில் லோகித். இரண்டின் அகலமும் வேறு. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை மென்பொருளுக்குள்ளேயே வைத்து அதையே இரண்டு பக்கமும் ஏற்றுகிறேன்.

பத்திகளை நேராக்குவதில் நான் செய்த தவறை யாரும் செய்ய வேண்டாம். பெயருக்கு இத்தனை எழுத்து இடம் என்று வெற்றிடம் நிரப்பி, நீளமானால் வெட்டும் ஆங்கில பில் வழக்கத்தையே முதலில் பின்பற்றினேன். 'துவரம் பருப்பு' கண்ணுக்கு எட்டு எழுத்தும் ஒரு இடைவெளியும், கணினிக்கு 14. பதினொன்றில் வெட்டியபோது பில்லில் 'துவரம் பருப' என்று வந்தது. எழுத்தின் நடுவில் கத்தி விழுந்திருக்கிறது. மாமா அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "பேரு முழுசா வரணும் மாப்ளே, ரெண்டு வரியானாலும் பரவால்ல" என்றார். எழுத்தை எண்ணுவதையே விட்டுவிட்டேன். இப்போது பெயருக்கு 300 புள்ளி அகலத்தில் ஒரு கட்டம், எடை, விலை, தொகை மூன்றும் வலப்பக்கம் ஒட்டி. பெயர் கட்டத்தில் அடங்காவிட்டால் சொல் முடியும் இடத்தில் மடிந்து அடுத்த வரிக்குப் போகிறது. உயரம் எவ்வளவு என்று கியூட்டியிடமே கேட்டு, அடுத்த பொருளை அதற்குக் கீழே தொடங்குகிறேன்.

கடைக் கணினிக்கு ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் கோப்புகளைக் கையால் பொறுக்கிக் கொண்டுபோனதால் இயங்குதளச் செருகுநிரல் இல்லை என்ற பிழையோடு திறக்கவே மறுத்தது. கியூட்டியோடு வரும் 'விண்டிப்ளாய்கியூட்டி' என்ற கருவியே தேவையானதையெல்லாம் எடுத்து வைத்துவிடும்.

போன மாதத்திலிருந்து துண்டுச் சீட்டு இல்லை. தெருக்கோடி பாட்டி ஒருவர் பில்லைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து, கொத்தமல்லி, உளுந்து, சௌசௌ என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் காசை எண்ணிக் கொடுக்கிறார். இதற்கு முன் ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அவருக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். பொங்கலுக்குள் இரண்டாவது கல்லா போட வேண்டும் என்கிறார் மாமா. இரண்டு கணினியும் ஒரே தரவுத்தளத்தில் எழுத வேண்டும். அதற்கான வேலையை இந்த ஞாயிறு தொடங்குகிறேன்.